பீலிக்குப் பின்னால் ஒளித்த மணல்

அந்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து பிள்ளை மடுவத்தில் கூடியவர்கள் பதின்மூன்று அம்மாமார், இரண்டு அப்பாமார், முன்பள்ளி டீச்சர், நான். மற்ற அப்பாமார் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருந்தார்கள். தோட்டத்துத் துரைக்குச் சொல்லியிருந்தோம், வரவில்லை. ஒரு பிள்ளையின் அம்மா குவைத்தில் இருந்தார். அந்தப் பிள்ளைக்கு நாலு வயது. வந்திருந்த அப்பாமாரில் ஒருவர் அவளுடைய அப்பா. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மற்றவர் கால் சுளுக்கி வீட்டில் கிடந்ததால் மனைவியோடு நொண்டிக்கொண்டு வந்தவர்.

பிள்ளை மடுவம் ஹந்தானை மலையில் எங்கள் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே இருக்கும் ஒற்றை நீள அறை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுச்செல்வார்கள். அறையின் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் சேலைத் தொட்டில்கள். இந்தப் பக்கம் மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையான பதினான்கு பிள்ளைகளின் முன்பள்ளி. வாசலில் நின்றால் வெயில் காலத்தில் கண்டி நகரம் காலடியில் தெரியும். மழைக்காலத்தில் பக்கத்து லயமே தெரியாது.

கூட்டம் கூடியது ஒரு கடிதத்துக்காக. முன்பள்ளிகள் எல்லாம் புதிய விதிப்படி மறுபடி பதிவு செய்யப்பட வேண்டும், அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள், விதிக்குப் பொருந்தாதவை மூடப்பட்டுப் பிள்ளைகள் கிட்டடியில் இருக்கிற வேறு முன்பள்ளியில் சேர்க்கப்படுவார்கள் என்று அதில் இருந்தது. எங்களுக்குக் கிட்டடி என்பது மலையடிவாரத்து டவுன். காலையில் ஆறரைக்கு மலைக்குப் போகிற தாய் எட்டு மணிக்கு டவுனில் பிள்ளையைக் கொண்டுபோய் விட முடியாது. மடுவத்து முன்பள்ளியை மூடினால் பதினான்கு பிள்ளைகளும் வீட்டோடுதான்.

கடிதத்தோடு எட்டுப் பக்கச் சுற்றுநிருபம் ஒன்றை இணைத்திருந்தார்கள். எல்லாம் சிங்களத்தில். தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும் என்று ஓரத்தில் பேனையால் எழுதியிருந்தார்கள். வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகமும் முடித்து, கெலிஓயாவில் ஒரு டியூஷன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறேன். லயத்துக்கு வரும் எந்தக் கடிதமும் என் கையைத் தாண்டித்தான் அடுத்த கைக்குப் போகும்.

முதல் இரண்டு பக்கங்களை வாசித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேலி வேண்டும். பிள்ளைகள் உட்காரும் உயரத்தில் கழிப்பறை வேண்டும். கொதித்தாறிய தண்ணீர் வேண்டும். டீச்சர் டிப்ளோமா முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் படிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மிச்சம் ஆறு பக்கங்களும் நெருக்கமான எழுத்தில் பிள்ளைகளின் வளர்ச்சி, நோக்கம், அணுகுமுறை என்று போயின. உபதேசம் என்று நினைத்துக்கொண்டேன்.

“மத்ததெல்லாம் வழக்கமா எழுதுறதுதான்” என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். படித்த பிள்ளை சொல்கிறது.

வேலியும் கழிப்பறையும் பத்து நாளில் முடிக்கக்கூடிய காரியம். டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டதாக டீச்சர் சொன்னார். அப்போதுதான் எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அக்கா, வாயால் ஊரையே கட்டி இழுக்கக்கூடியவர், எழுந்து நின்றார். அவருடைய இளைய மகன் அந்த முன்பள்ளியில் இருந்தான்.

“வேலி கெடக்கட்டும் தம்பி. வர்றவங்க உள்ளுக்க வந்து பாக்கறப்ப எங்க புள்ளைங்க என்னா செஞ்சுக்கிட்டு இருக்கும்? மண்ணுல வெளையாடிக்கிட்டு இருக்கும். தோட்டத்துப் புள்ளைங்க மண்ணுலதான் கெடக்குதுங்கன்னு எழுதிக்கிட்டுப் போயிருவாங்க.”

“மண்ணுல இல்ல, மணல்ல” என்றார் நொண்டி வந்தவர். “மண்ணுன்னா சும்மா கெடைக்கும். இது நான் கக்கூசு கட்ட வாங்கின மணலு.”

சிரிப்பு எழுந்தது. அவர் சொன்னது நிஜம். பாதியாக வெட்டிய நீலப் பீப்பா ஒன்று முன்பள்ளியின் மூலையில் இருந்தது. அதில் அவர் வீட்டில் மிஞ்சிய ஆற்று மணல். பக்கத்தில் டின்பால் பேணிகள், யோகட் கோப்பைகள், இறப்பர்க் கொட்டைகள், பைன் மரக் காய்கள், போத்தல் மூடிகள். காலையில் பிள்ளைகள் வந்ததும் டீச்சர் அதைத்தான் திறந்துவிடுவார். எழுத்துப் படிப்பிப்பதில்லை. அதில் தாய்மாருக்கு நெடுநாளாகக் குறை.

டீச்சர் மெதுவாகத்தான் பேசுவார். “மணலை எடுக்க வேணாம். அதுதான் பாடம். எது பெருசு, எது நெறஞ்சிருக்கு, எத்தன பேணி ஊத்துனா கோப்ப நெறயும், எல்லாம் அதுலதான் படிக்கிதுங்க. அந்தப் புள்ள பேசுனதே அதுலதான், தெரியுமில்ல.”

அவர் சொன்ன பிள்ளை குவைத்தில் இருப்பவருடைய மகள். அம்மா போன பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. மாதக்கணக்காக டீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டீச்சர் பேசச் சொல்லிக் கேட்கவில்லை. தினமும் பீப்பாவுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் அவள் பேணியில் மணலை அள்ளி, தேநீர் ஆற்றுவதுபோல் இன்னொரு பேணிக்கு உயரத்திலிருந்து ஆற்றி, “அம்மாவுக்கு சாயத்தண்ணி” என்றாள். அன்றைக்கு வேலை விட்டு வந்த அவளுடைய அப்பா அதைக் கேட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினாள், மணலுக்குப் பக்கத்தில் மட்டும்.

அந்த அப்பா கூட்டத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் முதலாம் வகுப்புக்குப் போன காலத்தில் இந்த முன்பள்ளி இல்லை. தொட்டில் பக்கத்திலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான். முதல் நாள் கையில் பென்சிலைக் கொடுத்தபோது கத்தியைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். டவுன் பிள்ளைகள் பெயரெழுதி முடித்துவிட்டார்கள். வெளியே போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் இருந்த இடத்திலேயே நனைத்துவிட்டேன். அன்றைக்கு என் வகுப்பில் சிரித்த பிள்ளைகளின் முகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. எனக்குக் கிடைக்காமல் போனது எழுத்து என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கேட்கத் தெரியாமல் போனதுதான் பெரிய குறை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

“டீச்சர், ஒரு நாளைக்கு மட்டுந்தானே” என்றேன். “அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்து வச்சிருவோம். புள்ளைங்க கொப்பியோட உக்காந்திருக்கட்டும்.”

டீச்சர் பீப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நீங்க வாசிச்சீங்க. உங்களுக்குத்தான் தெரியும்” என்றார்.

பத்து நாள் லயமே திருவிழாவுக்கு ஆயத்தமாவதுபோல் இருந்தது. வேலி வந்தது. கழிப்பறைக்கு உயரம் குறைந்த பீங்கான் வத்தேகமவிலிருந்து வந்தது. அக்காமாரும் அண்ணன்மாரும் தம்பி தங்கச்சிகளின் கொப்பிகளில் அ, ஆ எழுதி நிரப்பிக் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு என்ன உடுத்துவது என்ற கேள்விக்குக் கடைசி வீட்டு அக்காதான் வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் மூத்தவள் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கியபோது போட்ட சட்டை இருக்கிறது. வெள்ளைக்கு வெள்ளை, பள்ளிக்கூடம் மாதிரியே இருக்கும்.

அதிகாரிகள் வந்த காலையில் நீலப் பீப்பாவை நானும் தொழிற்சாலை அப்பாவும்தான் தூக்கிக்கொண்டு போனோம். மணலோடு பிணப் பாரம். தண்ணீர்ப் பீலிக்குப் பின்னால் இறக்கிவைத்துக் கொழுந்துச் சாக்கால் மூடினோம். அவருடைய மகள் எங்கள் பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னிக்கு அங்கிட்டுப் போகக்கூடாது. மணலுன்னு சொல்லவே கூடாது, சரியா?” என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள்.

வந்தவர்கள் இருவர். ஒருவர் சிங்கள அதிகாரி, வயது ஐம்பது இருக்கும், காலில் கன்வஸ் சப்பாத்துப் போட்டு மலையேறி வந்தவர். மற்றவர் அவருக்கு மொழிபெயர்க்க வந்த முஸ்லிம் உத்தியோகத்தர், தலையை மூடி முக்காடு போட்டவர். வேலியைப் பார்த்தார்கள், நல்லது. கழிப்பறையைப் பார்த்தார்கள், நல்லது. உள்ளே வந்தார்கள்.

பதினான்கு பிள்ளைகளும் பாயில் வரிசையாக, கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பெண் பிள்ளைகள் எட்டு வயதுப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளுக்குள் காணாமல் போயிருந்தார்கள். தோளில் ஊசி குத்தி, இடுப்பில் ரிபன் கட்டி, கைகள் மணிக்கட்டைத் தாண்டித் தொங்கின. அதிகாரி கதிரையில் உட்காரவில்லை. பாயின் ஓரத்தில் குந்திக்கொண்டு ஒரு கொப்பியை எடுத்துப் புரட்டினார். அழகான, உருட்டலான எழுத்து. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அக்காவின் எழுத்து.

அவருக்கு முன்னால் இருந்தவள் குவைத் அம்மாவின் மகள். அதிகாரி சிரித்துக்கொண்டு ஏதோ கேட்டார். முஸ்லிம் உத்தியோகத்தர் தமிழில் சொன்னார். “மகள், நீங்க இங்க எனத்தைக் கொண்டு விளையாடுற?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தெளிவாக, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள்.

“நாங்க வெளையாட மாட்டோம் மிஸ்.”

வாசலில் நின்ற தாய்மார் பெருமூச்சு விட்டார்கள். சந்தோஷத்தில். கடைசி வீட்டு அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். துடைத்துக் கழுவிய வெறும் சீமெந்துத் தரை, ஒரு கரும்பலகை. தாளில் எழுதத் தொடங்கினார், நீண்ட நேரம் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளைகள் எழுத வைக்கப்படுகிறார்கள். விளையாட்டுப் பொருட்கள் எதுவும் இல்லை. பிள்ளைகள் அச்சத்தில் உள்ளார்கள்.

கீழே ஜீப் நின்ற இடம் வரைக்கும் நான் கூடவே போனேன். முஸ்லிம் உத்தியோகத்தர் கொஞ்சம் பின்தங்கி எனக்குப் பக்கத்தில் வந்தார்.

“எனத்துக்கு மகன் இப்பிடிச் செஞ்ச? ஆறாம் பக்கத்தில வடிவா எழுதியீக்குதே. அஞ்சு வயசுக்குள்ள எழுத வைக்கப்படாது. மண், தண்ணி, கொட்டை, இதெல்லாம் புள்ளையட கைக்கெட்டுற இடத்தில ஈக்கணும். அதுக்குத்தான் கூடின புள்ளி.”

“மணல் இருக்கு மிஸ். பீலிக்குப் பின்னால இருக்கு. நாங்கதான் ஒளிச்சு வச்சோம்.”

அவர் நின்றுவிட்டார். சிரிப்பாரா அழுவாரா என்று தெரியாத முகம். “ஒளிச்சு வெச்ச?” என்றார். “நாங்க எத்தனையோ இடத்துக்குப் போறம் மகன். இல்லாததை இரவல் வாங்கி வெச்சுக் காட்டுற ஆக்களைக் கண்டீக்கிறன். இருக்கிறதை ஒளிச்ச ஆக்களை இன்டைக்குத்தான் காணுறன்.”

நான் திரும்பி வந்து சுற்றுநிருபத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாம் பக்கத்திலிருந்து வாசித்தேன். டீச்சர் அத்தனை காலமும் செய்துவந்தது ஒவ்வொரு வரியிலும் இருந்தது. கேட்கும்வரை காத்திருப்பது, ஊற்றி அளப்பது, வழியில் கண்டதைச் சொல்ல விடுவது. உபதேசம் என்று நான் தள்ளிவிட்ட பக்கங்கள் அவைதான். விதி எங்களுக்கு எதிரானது அல்ல. என் நாலு வயதில் எனக்காக யாராவது எழுதியிருக்க வேண்டிய விதி அது.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. மறுபரிசீலனை முடியும்வரை முன்பள்ளியை நடத்தக்கூடாது. மறுபரிசீலனை வேண்டுமென்றால் ஒவ்வொரு பிள்ளையின் தாயும் அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் வேலை நாளில் கண்டியில் உள்ள அரசாங்கக் கந்தோருக்கு நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.

அடுத்த ஞாயிறு மடுவத்தில் நான் எழுந்து நின்று, முழுதும் வாசிக்காமல் விட்டது என் பிழை என்று சொன்னேன்.

“நாங்க எழுத்துக் கேட்டோம். நீங்க எழுத்துக் குடுத்தீங்க” என்றார் கடைசி வீட்டு அக்கா. “டீச்சர் சொன்னத ரெண்டு பக்கமும் கேக்கல. விடுங்க. எப்ப போகணும்?”

‘நான் சொன்னேனே’ என்று டீச்சர் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பதின்மூன்று அம்மாமாரும் தொழிற்சாலை அப்பாவும் வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பிரட்டுக்குப் போகாமல் கண்டி பஸ்ஸில் ஏறினார்கள். நானும் போனேன், தாள்களைச் சுமக்க. கையெழுத்துப் போட எனக்குப் பிள்ளை இல்லை. கந்தோரில் நாலு மணி நேரம் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பிறகு, கையெழுத்து வாங்க வேண்டிய ஐயா வெளியில் போய்விட்டார், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள்.

“வந்ததுக்கு வாவியச் சுத்தி ஒரு நட நடந்துட்டுப் போவோம்” என்றார் கடைசி வீட்டு அக்கா. “துரைக்கிட்ட லீவு சொல்லிட்டு வந்திருக்கோம். லீவுன்னா இப்படித்தானே இருக்கும்?”

ஒருவரும் வாவிக்குப் போகவில்லை. வியாழக்கிழமை மறுபடி எல்லோரும் வந்தார்கள். ஒருவரும் குறையவில்லை. மேசை முன்னால் ஒவ்வொருவராக நின்றார்கள். நாலு பேர் பெருவிரல் ஊன்றினார்கள். குவைத்தில் இருப்பவருக்காக அப்பாவின் கையெழுத்துப் போதுமா என்று அங்கே ஒரு வாக்குவாதம் நடந்தது. அந்த முஸ்லிம் உத்தியோகத்தர் எழுந்து வந்து ஐயாவிடம் இரண்டு வசனம் பேசினார். போதும் என்றார்கள்.

மூடியிருந்த ஐந்து வாரமும் பிள்ளைகள் லயத்து வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். பீப்பாவை நாங்கள் மறுபடி உள்ளே தூக்கி வைத்திருந்தோம், முன்பள்ளிப் பக்கத்துக் கதவுக்குப் பூட்டு. தொழிற்சாலை அப்பா வேலைக்குப் போகும்போது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுப்போவார். அவள் அங்கே கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேசமாட்டாள். குவைத்திலிருந்து அம்மா போனில் வந்தால் திரையைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

“என்னங்க, புள்ள ஒண்ணும் பேச மாட்டேங்குது?” என்று போனில் அம்மா கேட்பது அடுத்த வீட்டில் இருக்கும் எங்களுக்குக் கேட்கும்.

“தூக்கம் வருது அவளுக்கு” என்பார் அவர், பட்டப்பகலில்.

இரண்டாம் முறை அதே அதிகாரி வந்தார். இந்த முறை பிள்ளைகள் கிழிந்த சட்டையும் சளி மூக்குமாக இருந்தார்கள். தாய்மாரை உள்ளே வர வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். என்னையும்தான். நாங்கள் புதிய வேலிக்கு வெளியே நின்றோம். கதவு திறந்திருந்தது. கடைசி வீட்டு அக்காவின் மகன் அதிகாரியின் சப்பாத்தில் மணலை ஊற்றி, “ஒங்க காலு எத்தன பேணின்னு பாக்குறேன்” என்றான். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். அதிகாரி காலை அசைக்காமல் நின்றார்.

குவைத் அம்மாவின் மகள் மட்டும் மணல் பக்கம் வரவில்லை. பீப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாய் கூட இல்லாத தரையில், நாங்கள் பழக்கிய மாதிரியே கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பிள்ளை ஒரு பேணியை அவள் மடியில் வைத்தது. அவள் அதைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று நாங்கள்தானே சொன்னோம். டீச்சர் அவளுக்குப் பக்கத்தில் போய், அவளைப் போலவே பீப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதிகாரி வெகுநேரம் அந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

பதிவு கிடைத்தது. டீச்சர் இப்போது சனிக்கிழமைகளில் கண்டிக்குப் போய் டிப்ளோமா படிக்கிறார். கட்டணத்தைத் தானே கட்டுகிறார், எங்களிடம் வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பிள்ளை மணலைத் தொட அடுத்த மழைக்காலம் ஆனது. தொட்டாள், அள்ளினாள், ஆற்றினாள். சாயத்தண்ணி யாருக்கு என்று இன்னும் சொல்லவில்லை. டீச்சர் கேட்கவுமில்லை.

நான் இப்போது வத்தேகமப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஞாயிறுகளில் போய் அந்த எட்டுப் பக்கத்தைத் தமிழில் முழுதாக வாசித்துக் காட்டுகிறேன். தமிழ்ப் பிரதி இன்னும் வரவில்லை. நல்ல விதி மலை ஏற வேண்டுமென்றால் அது எங்கள் மொழியில் ஏற வேண்டும். இதைக் கந்தோருக்கு மூன்று முறை எழுதியிருக்கிறேன். விதியைத் தளர்த்தச் சொல்லி ஒரு முறையும் எழுதவில்லை.

பதிவுக் கடிதம் வந்த வாரத்து ஞாயிறு, கண்டிக்குப் போன இரண்டு நாள் செலவை என் சம்பளத்திலிருந்து கொடுக்கிறேன் என்று மடுவத்தில் சொன்னேன். சத்தமாகச் சிரித்தார்கள்.

“வச்சிக்கிங்க தம்பி. நீங்க மிச்ச ஆறு பக்கம் வாசிக்கிறதுக்கு நாங்க கட்டுன டியூஷன் பீஸு அது” என்றார் கடைசி வீட்டு அக்கா. “ஆனா எவ்வளவுன்னு எழுதி அந்தச் செவத்துல ஒட்டுங்க. அடுத்த கடுதாசி வர்றப்ப பாத்துட்டு வாசிப்பீங்க.”

எழுதி ஒட்டினேன். இன்னும் ஒட்டியிருக்கிறது. பதினான்கு பேருக்கு இரண்டு நாட்சம்பளம், நாள் ஒன்றுக்கு ஆயிரத்து முந்நூற்று ஐம்பதாக, முப்பத்தேழாயிரத்து எண்ணூறு. பஸ் போக வர மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. போட்டோகொப்பி முந்நூற்று ஐம்பது. மொத்தம் நாற்பத்திரண்டாயிரத்து எழுபது ரூபா.